வைகைக் கரையில் கடைசிப் பயணம்: யார் தீர்மானிக்கிறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டு, சில வாக்கியங்கள் படிக்க வசதியாகச் சீர்செய்யப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் சாவு வீட்டைப் பத்தி. ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேக்கறவங்க பயப்பட வேண்டாம், பேய்க் கதை எதுவும் வராது. ஆனா கேட்டு முடிச்சதும் வீட்ல ஒரு பேச்சை ஆரம்பிக்க வேண்டி வரலாம்.

மதுரையில ஒரு வீட்ல சாவு விழுந்தா என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒரு மணி நேரத்துல ஃப்ரீசர் பாக்ஸ் வந்துரும். பந்தல்காரர் தகரமும் நாற்காலியும் இறக்குவார். வாட்ஸ்அப் குரூப்ல படம் போகும். மத்தியானத்துக்குள்ள தெருமுனைச் சுவர்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. சங்கு ஊதி, நீர்மாலை எடுத்து, கோடி போட்டு, சாயங்காலம் தத்தனேரிக்கோ மூலக்கரைக்கோ தூக்கிருவாங்க.

இந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள எடுக்க வேண்டிய முடிவுகளை எண்ணிப் பாருங்க. எரிக்கிறதா, புதைக்கிறதா? இங்கயா, சொந்த ஊருக்கா? யார் கொள்ளி வைக்கிறது? மகள் மயானத்துக்கு வரலாமா? மேளம் வேணுமா? கண் தானம் உண்டா? குடும்பத்துல ரொம்ப நெருக்கமானவங்க அழுதுகிட்டு இருப்பாங்க. சத்தமாப் பேசற பெரியப்பா ஒருத்தர் எல்லாத்தையும் முடிவு பண்ணிருவார். அவர் மேல தப்பு இல்ல, யாராவது பண்ணித்தானே ஆகணும்?

"அவருக்குப் பிடிச்ச மாதிரி அனுப்பி வைக்கலாம்"னு யாராவது மெதுவா ஆரம்பிச்சா, "அதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நமக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு"ன்னு பதில் வரும். வெளிநாட்ல இருக்கறது உண்மைதான். கானா நாட்ல அக்ரா பக்கம் தெஷின்னு ஒரு ஊர். அங்க மீனவருக்கு மீன் வடிவத்துல, கோகோ விவசாயிக்கு கோகோக் காய் வடிவத்துல சவப்பெட்டி செய்யற பட்டறைகள் இருக்கு. சரி, நம்ம ஊர்ல அந்த மாதிரி எதுவும் இருந்ததே இல்லையா? வைகைக் கரையில இருக்கற சான்றுகளை வரிசையாப் பார்ப்போம்.

கொந்தகைத் தாழிகள்

கீழடி எல்லாருக்கும் தெரியும். மதுரையிலிருந்து தென்கிழக்கே ராமேஸ்வரம் போற ரோட்டுப் பக்கம். இந்தியத் தொல்லியல் துறை 2015-இல் அங்க தோண்ட ஆரம்பிச்சது, அப்புறம் தமிழக அரசின் தொல்லியல் துறை கையில எடுத்துக்கிச்சு. 2020-இல் ஆறாம் கட்ட அகழாய்வு தொடங்கினப்போ பக்கத்து ஊர்களான கொந்தகை, அகரம், மணலூரையும் சேர்த்துக்கிட்டாங்க. கீழடி, வாழ்ந்த இடம். கொந்தகை, அடக்கம் பண்ண இடம்.

கொந்தகையில வரிசையா முதுமக்கள் தாழிகள் கிடைச்சது. சில தாழியில முழு எலும்புக்கூடு இருந்தது. சிலதுல சில எலும்புகள் மட்டும். அதாவது உடலை முதல்ல வேற எங்கயோ வெச்சு, அப்புறம் எலும்பைப் பொறுக்கிட்டு வந்து தாழியில போட்டிருக்காங்க. இன்னைக்கும் நாம அடுத்த நாள் பால் தெளிச்சு எலும்பு எடுக்கறோம் இல்லையா, ரெண்டு கட்டமா வழியனுப்பற அந்த யோசனை எவ்வளவு பழசுன்னு இதுல தெரியுது.

உள்ளே வெச்ச பொருளும் தாழிக்குத் தாழி வேற. சின்னச் சின்னப் பானைகள், கிண்ணங்கள், சிலதுல இரும்புப் பொருட்கள். 2022-இல் ஒரு தாழிக்குள்ள கார்னீலியன் மணிகள் கிடைச்சது. சூதுபவளம்னு சொல்ற அந்தச் சிவப்புக் கல், தொலைதூர வணிகத்துல வந்து சேர்ற கல். அதை யாரோ ஒருத்தர் கழுத்துலயோ இடுப்புலயோ போட்டிருந்திருக்கணும். அது விலை உயர்ந்ததுன்னு தெரிஞ்சே, வாரிசுக்குன்னு கழட்டி வெக்காம உள்ளயே விட்டிருக்காங்க.

இந்த எலும்புகள் மேல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல மரபணு ஆய்வு நடக்குது. 2025-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம், கொந்தகையில கிடைச்ச ரெண்டு ஆண்களோட மண்டை ஓட்டை வெச்சு முகத்தை மறுஉருவாக்கம் பண்ணி வெளியிட்டது. செய்தியில அந்த முகங்களைப் பார்த்தப்போ, அடுத்த தெரு டீக்கடையில உட்கார்ந்திருக்கறவங்க மாதிரி இருந்தாங்க.

தெற்கே தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூருக்குப் போனா இன்னும் ஒரு படி மேல. 2004-இல் அங்க நடந்த அகழாய்வுல ஒரு தாழிக்குள்ள பானை ஓடு ஒண்ணு கிடைச்சது. அதுல புடைப்பா ஒரு காட்சி: ஒரு பெண், ஒரு மான், ஒரு கொக்கு, ஒரு முதலை, நெற்கதிர். யாருக்காக, எந்தக் கதைக்காகச் செஞ்சதுன்னு அந்த ஓடு சொல்லாது. ஆனா கடையில அடுக்கி வெச்சிருக்கற பானையை எடுத்துட்டு வந்த கதை இல்ல இது.

இங்க ஒரு எச்சரிக்கை. மணி இருந்தா அது அவருக்குப் பிடிச்ச மணின்னு நாம முடிவு கட்ட முடியாது. அந்தஸ்தைக் காட்டவும் வெச்சிருக்கலாம். என்ன வெச்சாங்கன்னு மண்ணுக்குத் தெரியும், ஏன் வெச்சாங்கன்னு மண்ணு சொல்லாது. அதுக்கு நாம சங்க இலக்கியத்துக்குத்தான் போகணும்.

குயவரிடம் ஒரு வேண்டுகோள்

புறநானூற்றுல 256-ஆம் பாட்டு. எழுதினவர் பேர் தெரியல. ஒரு பெண் குயவர்கிட்ட பேசறா. கணவனோட வண்டிப் பாதையில நெடுந்தூரம் வந்தவ, வழியில அவன் இறந்துட்டான். வண்டிச் சக்கரத்தோட ஆரத்துல ஒட்டிக்கிட்டு ஒரு குட்டிப் பல்லி எப்படி வண்டி போற இடமெல்லாம் போகுமோ, அப்படி அவனோட வந்தேன்னு சொல்றா. அப்புறம் அவ கேக்கறது ஒரே ஒரு விஷயம்: தாழியோட அளவு. எனக்கும் சேர்த்து இடம் இருக்கற மாதிரி அகலமாப் பண்ணுங்கன்னு கேக்கறா.

இதைக் காதல் கவிதைன்னு படிச்சிருப்போம். நான் இதை ஒரு ஆர்டராவும் படிக்கிறேன். சாவு நடந்த பிறகு, அதைச் செஞ்சு தரப்போற கைவினைஞர்கிட்ட நேராப் போய், இந்த ஒரு ஆளுக்கு இப்படி வேணும்னு சொல்றா. தாழி அளவு எல்லாருக்கும் ஒண்ணாவே இருந்திருந்தா, சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது. கேட்டா மாத்திப் பண்ணுவாங்கங்கற நம்பிக்கை இருந்ததாலதான் அந்தப் பாட்டு நிக்குது.

அதே தொகுப்புல 228-ஆம் பாட்டு, ஐயூர் முடவனார் பாடினது. சோழன் கிள்ளிவளவன் இறந்தப்போ அவரும் குயவர்கிட்டதான் பேசறார், ஆனா இரக்கப்பட்டு. இவ்வளவு பெரிய புகழ் உள்ள ஒருத்தனைக் கவிக்கற அளவுக்குத் தாழி பண்ணணும்னா பூமியைச் சக்கரமாவும் மேருமலையை மண்ணாவும் வெச்சு உன்னால வனைய முடியுமாங்கற மாதிரி போகும். ராஜாவுக்கும் சரி, ஊர் பேர் தெரியாத பெண்ணுக்கும் சரி, துக்கம் போய் நிக்கற இடம் குயவர் வீட்டு வாசல்.

ஒரு விஷயத்தையும் மறைக்க வேண்டாம். கணவனோடவே சாகணும்னு ஒரு பெண் கேக்கறது அவளோட சொந்த விருப்பமா, அந்தக் காலச் சமூகம் அவளுக்கு விட்டு வெச்ச ஒரே வழியான்னு நாம கேக்கத்தான் வேணும். கைம்பெண் வாழ்க்கை எவ்வளவு கொடுமையா இருந்ததுன்னு அதே புறநானூறு வேற இடங்கள்ல சொல்லுது. 'விருப்பம்'ங்கற வார்த்தையை இந்த எபிசோட் முழுக்க கொஞ்சம் சந்தேகத்தோடதான் பயன்படுத்தணும்.

பேர் எழுதின கல்

வைகை ஆத்தோட மேல்பக்கம் போவோம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துல புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர். 2006-இல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்க மூணு நடுகல்லைக் கண்டுபிடிச்சாங்க. தமிழி எழுத்து, அதாவது தமிழ்-பிராமி. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு. இந்தியாவுல கிடைச்ச மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள்ல இதுவும் ஒண்ணுன்னு வைக்கிறாங்க.

பின்னாடி வந்த நடுகற்கள்ல வீரன் வில்லோட நிக்கற உருவம், மாட்டுக் கூட்டம் எல்லாம் செதுக்கியிருக்கும். இதுல அந்த மாதிரி சிற்பம் கிடையாது, எழுத்து மட்டும்தான். அதுல ஒரு கல்லு சொல்றது இவ்வளவுதான்: தீயன் அந்தவன்னு ஒருத்தன், கூடலூர்ல நடந்த ஆகோள், அவனுக்கான கல். ஆகோள்னா மாடு கவர்ற சண்டை. ஆள் பேர், ஊர் பேர், என்ன நடந்தது. நம்ம கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல இருக்கற தகவலை விடக் கம்மிதான். ஆனா அவன் ஒரு ராஜா இல்ல, பெரிய தளபதியும் இல்ல. மாட்டுச் சண்டையில செத்த ஒருத்தன். அவன் பேரை நாம இன்னைக்கு வாசிக்கிறோம்னா, அன்னைக்கு யாரோ இவன் பேரை எழுதியே ஆகணும்னு நின்னிருக்காங்க.

சாகாத ஆடுகள்

பணமும் அதிகாரமும் இருந்தவங்க என்ன பண்ணாங்கங்கறதுக்குப் பள்ளிப்படையைப் பார்க்கணும். இறந்த அரசரையோ அரச குடும்பத்தாரையோ அடக்கம் பண்ண இடத்துல எழுப்பின கோயிலுக்குப் பள்ளிப்படைன்னு பேர். மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை தாண்டி, திருச்சுழி பக்கத்துல பள்ளிமடம்னு ஒரு ஊர். ஊர் பேர்லயே விஷயம் இருக்கு. அங்க இருக்கறது சுந்தரபாண்டியனோட பள்ளிப்படை, பத்தாம் நூற்றாண்டு. 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் அங்க இருக்கு.

சோழர்கள் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது கும்பகோணத்துக்குப் பக்கத்துல, பட்டீஸ்வரம் அருகே இருக்கற பஞ்சவன்மாதேவீச்சரம். முதலாம் ராஜேந்திரன் எடுத்தது. யாருக்காகன்னு கேட்டா, பெத்த அம்மாவுக்காக இல்ல. அப்பா ராஜராஜனோட இன்னொரு மனைவி பஞ்சவன் மாதேவிக்காக, அதாவது சித்திக்காக. கங்கை வரைக்கும் படை அனுப்பினவன் எந்த உறவைக் கல்லுல எழுதி வெச்சான்னு யோசிச்சா, சடங்குப் பட்டியல்ல இல்லாத ஒரு பாசம் தெரியும்.

கோயில் கட்டியாச்சு. விளக்கு யார் ஏத்துவாங்க? நூறு வருஷம் கழிச்சும் எரியணுமே? இங்கதான் ஒரு இன்ஜினியரா எனக்கு அசந்து போன விஷயம். அந்தக் காலக் கோயில்கள்ல அணையா விளக்குக்கு ஆடு தானம் விடுவாங்க. சோழர் கல்வெட்டுகள்ல ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடு, இல்லன்னா 96 ஆடு. இடையர் ஒருத்தர் அந்த மந்தையைப் பொறுப்பேத்துக்குவார். தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்குத் தரணும். செத்துப் போற ஆட்டுக்குப் பதிலா குட்டி வளர்ந்து வந்துரும், அதனால எண்ணிக்கை எப்பவும் அதேதான். கல்வெட்டுல இதுக்கு 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேர். சாகாத, கிழடாகாத ஆடு. தனித்தனி ஆடு சாகும், மந்தை சாகாது. ஒருத்தரோட நினைவை, ஆளை நம்பி விடாம ஒரு அமைப்பை நம்பி விட்டிருக்காங்க.

நம்ம சடங்குல இடம் இருக்கா?

சரி, இன்னைக்கு நடக்கற சடங்கு எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட்தானேன்னு கேக்கலாம். எனக்கு அப்படித் தோணல. மதுரைச் சுத்துப்பட்டு கிராமங்கள்ல நடக்கறதைக் கவனிச்சா, சடங்குக்குள்ள நிறைய காலி இடம் விட்டு வெச்சிருக்காங்க. அதை நிரப்பறது அந்தந்தக் குடும்பம்.

பேரன் பேத்திங்க நெய்ப்பந்தம் பிடிச்சா, அந்த ஆள் எத்தனை தலைமுறை பார்த்தார்னு ஊருக்கே தெரியும். பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடின்னு வரிசையா வர்ற துணிகள், அவர் எத்தனை வீட்டோட கட்டப்பட்டவர்னு சொல்லும். நிறைஞ்ச வயசுல போனவங்களுக்குக் 'கல்யாணச் சாவு'ன்னு பேர் வெச்சு, ஆட்டமும் வேட்டுமா அனுப்புவாங்க. இருபது வயசுப் பையன் போன வீட்ல அதே ஊர்க்காரங்க வாயைத் திறக்க மாட்டாங்க.

எல்லாத்துக்கும் மேல ஒப்பாரி. ராகம் பொது, உள்ளடக்கம் அந்த ஆளுக்கு மட்டும். மகள் பாடறது வேற, மருமகள் பாடறது வேற, கூடப் பிறந்தவ பாடறது வேற. அவர் வாங்கின காடு, வித்த மாடு, பேசாம இருந்த தம்பி, கட்டி முடிக்காத வீடு, எல்லாம் வரும். உயிரோட இருந்தப்போ சொல்ல முடியாத குறையைக்கூட ராகத்துல வெச்சுச் சொல்லிருவாங்க, யாரும் கோவிச்சுக்க முடியாது. ஒரு வாழ்க்கை வரலாற்றை, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், அந்த இடத்துலயே, தயாரிப்பு இல்லாம உருவாக்கினாங்க. இதை விடத் தனிப்பட்ட இரங்கல் உரை எந்த நாட்ல இருக்கு?

அந்த இடத்தை இப்ப எது பிடிச்சிருக்குன்னு பாருங்க. பல வீடுகள்ல ஒலிபெருக்கியில பதிவு பண்ண பாட்டு. யார் இறந்தாலும் அதே பாட்டு. டெம்ப்ளேட்டைக் கொண்டு வந்தது மரபு இல்ல, நம்ம அவசரம்.

யாரோட உழைப்பு?

இவ்வளவு நேரம் பெருமையாப் பேசியாச்சு. இதோட மறுபக்கத்தைப் பேசாம விட்டா இந்த எபிசோட் பொய்யாயிரும்.

மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் எழுதினதா சொல்லப்படற மணிமேகலையில, புகார் நகரத்துச் சுடுகாட்டைப் பத்தி ஒரு பகுதி வருது. எரிக்கறவங்க, அப்படியே போட்டுட்டுப் போறவங்க, குழி தோண்டிப் புதைக்கறவங்க, பள்ளத்துல வெச்சு மூடறவங்க, தாழியில கவிக்கறவங்கன்னு அஞ்சு விதம். ஒரே மயானத்துல அஞ்சு வழி, அவங்கவங்க முறைப்படி. கேக்க நல்லா இருக்கு. ஆனா அதே இடத்துல, செங்கல் நினைவுக் கட்டடங்கள் நாலு வருணத்துக்கும் வேற வேற மாதிரி இருந்ததுன்னும் சொல்றார். சாவுலயும் வரிசை அப்பவே வந்தாச்சு.

நம்ம கிராமங்கள்ல அந்த வரிசை இன்னும் கடுமையா இறுகிச்சு. சாவுச் செய்தியை ஊர் ஊராப் போய்ச் சொல்றது, பறை அடிக்கறது, குழி வெட்டறது, பிணம் எரியற வரைக்கும் காவல் இருக்கறது, எல்லாம் தலித் மக்கள் மேல சுமத்தப்பட்ட வேலை. கூலி பேச முடியாது, வர மாட்டேன்னு சொல்ல முடியாது. ஒரு வீட்டோட 'மரியாதையான' இறுதி ஊர்வலம், இன்னொரு தெருவோட கட்டாய உழைப்புல நடந்தது. அந்தத் தெருவுல ஒருத்தர் செத்தா, பொதுப்பாதையில பிணத்தைக் கொண்டு போக விட மாட்டாங்க. மயானமும் தனி.

இதை எதிர்த்துத்தான் எண்பதுகள், தொண்ணூறுகள்ல நிறைய இளைஞர்கள் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்னு மறுத்தாங்க. இன்னொரு பக்கம், பறையை இழிவுலேர்ந்து மீட்டு மேடைக்குக் கொண்டு வந்தாங்க. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவுல பெண்களே பறை அடிச்சாங்க. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சாதி வேறுபாடு இல்லாம ஒரே மயானத்தைப் பயன்படுத்தற கிராமங்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகைன்னு தமிழக அரசு அறிவிச்சிருக்கு. அப்படி ஒரு ஊக்கத்தொகை தேவைப்படுதுங்கறதே நாம எங்க நிக்கறோம்னு காட்டுது.

அதனால, ஒரு சாவை அர்த்தமுள்ளதா நடத்தணும்னு நினைச்சா முதல் கேள்வி பூ அலங்காரம் இல்ல. மேளம் அடிக்கறவருக்குப் பேசின கூலி போச்சா, அவருக்குச் சாப்பாடு எங்க போட்டாங்க, குழி வெட்டினவரை எப்படிக் கூப்பிட்டாங்க. அங்க ஆரம்பிக்குது.

1922, அழகம்மாள்

முறையை மீறி ஒரு முடிவு எடுத்த குடும்பத்துக்கு வருவோம். பள்ளிமடம் பத்திச் சொன்னேன் இல்லையா, அதுக்குப் பக்கத்துல இருக்கற திருச்சுழியில 1879-இல் பிறந்தவர் வேங்கடராமன். மதுரையில சித்தப்பா வீட்ல தங்கிப் படிச்சார். 1896-இல் அந்த வீட்ல இருந்தப்போ திடீர்னு சாவு பயம் வந்து, படுத்துக்கிட்டு தன்னையே பிணமா நினைச்சு 'செத்தது யாரு'ன்னு விசாரிச்சார். சில வாரத்துல திருவண்ணாமலை போயிட்டார். நாம ரமண மகரிஷின்னு சொல்றோம்.

அவரோட அம்மா அழகம்மாள் 1916-இல் மகன்கிட்டயே போய்ச் சேர்ந்தாங்க. 1922 மே 19 அன்னைக்கு இறந்தாங்க. அன்னைக்கு முழுக்க ரமணர் ஒரு கையை அவங்க தலையிலயும் ஒரு கையை நெஞ்சுலயும் வெச்சு உட்கார்ந்திருந்தார். உயிர் போனதும் எழுந்து, தீட்டு எதுவும் இல்ல, வாங்க சாப்பிடலாம்னு சொன்னதா அவரோட வாழ்க்கை வரலாறுகள் சொல்லுது.

பிராமண வைதீகக் குடும்பம். எரிக்கறதுதான் முறை. புதைச்சு சமாதி வைக்கறது துறவிகளுக்கும் ஞானிகளுக்கும். ஒரு பெண்ணுக்கு அப்படிப் பண்ணலாமா? இங்க எனக்கு முக்கியமாத் தெரியறது, அந்தக் கேள்வி அன்னைக்கு ராத்திரி முதல் தடவையா வரலை. அஞ்சு வருஷம் முன்னாடி, 1917-இல், காவ்யகண்ட கணபதி முனிவர் தன் மனைவி விசாலாட்சி சார்பா இதையே கேட்டிருந்தார். ஞானம் அடைஞ்ச பெண் இறந்தா உடலை என்ன செய்யணும்? எரிக்கக் கூடாது, அடக்கம்தான் பண்ணணும்னு ரமணர் பதில் சொன்னார். அது ரமண கீதையில பதிவாயிருக்கு. அதனால 1922-இல் குழப்பம் இல்ல, மறுநாளே மலையடிவாரத்துல அடக்கம் பண்ணிட்டாங்க. அந்தச் சமாதிதான் மாத்ருபூதேஸ்வரர் கோயில், 1949-இல் கும்பாபிஷேகம். ரமணாசிரமமே அந்த அடக்கத்தைச் சுத்தித்தான் வளர்ந்தது.

எழுதி வெச்சா போதுமா?

முன்னாடியே எழுதிட்டா பிரச்சனை தீர்ந்ததுன்னு நினைக்கலாம். ரெண்டு பெரிய தலைவர்களைப் பார்ப்போம்.

நேரு 1954-இல் உயில் எழுதினார். எனக்கு மதச் சடங்கு எதுவும் வேண்டாம், சாம்பல்ல ஒரு பிடியைக் கங்கையில கரைங்க, மீதியை விமானத்துல எடுத்துட்டுப் போய் விவசாயிங்க உழைக்கற வயல்கள் மேல தூவுங்கன்னு. 1964 மேயில் இறந்தார். சாம்பலைத் தூவினாங்க. ஆனா தகனத்துல மதச் சடங்கும் நடந்தது. நாட்டோட பிரதமர், அவ்வளவு தெளிவா எழுதியும், பாதிதான் நிறைவேறிச்சு.

கருணாநிதி, தன் கல்லறையில எழுத வேண்டிய வாசகத்தை ரொம்ப வருஷம் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தார். ஓயாம உழைச்ச ஒருத்தன் இங்க ஓய்வெடுக்கறாங்கற பொருள்ல. 2018 ஆகஸ்ட் 7-இல் இறந்தப்போ அந்த வாசகம் பேழை மேல இருந்தது. மெரினாவுல இடம் தர அரசு மறுத்ததும், ராத்திரியோட ராத்திரியா உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. மறுநாள் காலையில தீர்ப்பு வாங்கி, சாயங்காலம் அண்ணா சமாதி பக்கத்துலயே அடக்கம் பண்ணாங்க. அவர் விருப்பத்தைத் தெரிஞ்சவங்க, அதுக்காக நிக்கத் தயாரா இருந்தாங்க.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைத்தான் நான் சொல்ல வர்றேன். சொத்தை எழுதற மாதிரி உடம்பை உயில்ல எழுதிட்டு நிம்மதியா இருக்க முடியாது. நடைமுறையில முடிவு எடுக்கறது அந்த நேரத்துல பக்கத்துல நிக்கறவங்க. உறுப்பு தானத்துல கூட, மூளைச்சாவுக்கு அப்புறம் குடும்பத்துக்கிட்ட சம்மதம் கேட்டுத்தான் எடுக்கறாங்க. நீங்க அட்டையில கையெழுத்துப் போட்டு பர்ஸ்ல வெச்சிருந்தாலும், மனைவிக்குத் தெரியலன்னா அது வெறும் அட்டை. குயவர்கிட்ட பேசின பெண், கல்லு நட்ட ஊர்க்காரங்க, 1917-இல் கேள்வி கேட்ட விசாலாட்சி, எல்லா இடத்துலயும் யாரோ ஒருத்தர் வாயைத் திறந்து பேசியிருக்காங்க.

வீட்ல என்ன பேசலாம்?

பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போது, நல்ல நாள்ல இதைப் பேசுவாங்களான்னு திட்டு விழும். பரவாயில்ல, பொங்கல் முடிஞ்சு பேசுங்க. கேக்க வேண்டியது கொஞ்சம்தான்.

எரிக்கணுமா, புதைக்கணுமா, எந்த ஊர்ல? யார் கொள்ளி வைக்கணும்? மகளா இருந்தா என்ன? 2018-இல் வாஜ்பாயி சிதைக்கு அவரோட வளர்ப்பு மகள்தான் தீ வெச்சாங்க, நாடே டிவியில பார்த்தது. மதச் சடங்கு வேணுமா? வேண்டாம்னா, பெரியாரை 1973-இல் எந்தச் சடங்கும் இல்லாம அடக்கம் பண்ணாங்க, அந்த வழியும் நம்ம ஊருக்குப் பழசுதான்.

கண் தானம்னா இறந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். அதனால யாருக்கு போன் பண்ணணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். உடல் தானம்னா மருத்துவக் கல்லூரியோட உடற்கூறியல் துறையில உயிரோட இருக்கும்போதே படிவம் கொடுத்து வெக்கறது நல்லது. பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவா வாங்க மாட்டாங்க, அதையும் குடும்பம் தெரிஞ்சு வெச்சுக்கணும். 2010-இல் ஜோதிபாசு, 2024-இல் சீதாராம் யெச்சூரி, ரெண்டு பேர் உடலும் மருத்துவ மாணவர்கள் படிக்கறதுக்குப் போச்சு. உறுப்பு தானம் செஞ்சவங்களோட இறுதிச் சடங்கு அரசு மரியாதையோட நடக்கும்னு 2023 செப்டம்பர் 23-இல் தமிழக அரசு அறிவிச்சது. ராஜாவுக்கும் தலைவருக்கும் கிடைச்ச மரியாதை, இப்ப ஒரு லாரி டிரைவருக்கோ கூலித் தொழிலாளிக்கோ கிடைக்குது. ஆயிரம் வருஷப் பள்ளிப்படைக் கதையில இது பெரிய திருப்பம்னு நினைக்கிறேன்.

கடைசியா ஒண்ணு. அப்பா அம்மா கதையை அவங்க வாயாலயே பதிவு பண்ணி வைங்க. போன் இருக்கு, இடம் இருக்கு. எந்தக் காடு வாங்கினாங்க, யாரோட பேசாம இருந்தாங்க, எந்தச் சினிமாவை எத்தனை தடவை பார்த்தாங்க. வீட்ல ஒப்பாரி பாடத் தெரிஞ்ச அப்பத்தா இருந்தா அவங்ககிட்ட உட்காருங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அவங்களோட போயிரும்.

இன்னைக்கு இவ்வளவுதான். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தாச்சு, மதுரையிலிருந்து அரை மணி நேரம்தான். போனா கொந்தகைத் தாழிகளுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னு, எது சின்னது, எது அகலம்னு பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.